வழித்துணையும் மருந்தும்

(ஜூபிலி ஆண்டின் தொடக்கத்தில், நம் பங்கின் பக்த சபைகள், அன்பியங்கள், இளைஞர் இயக்கம் ஆகியவற்றின் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே அச்சிடப்படுகிறது.)



ஜூபிலி என்றவுடன் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதும், கொடிமரத்தைப் புதுப்பிப்பதும், ஆயரை மேளதாளத்தோடு வரவேற்பதும், மலர் வெளியிடுவதும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் நடக்கட்டும், நன்றாகவே நடக்கட்டும். ஆனால் ஜூபிலியைப் பற்றி நமக்கு முதன்முதலில் சொல்லித் தருகிற லேவியர் ஆகமத்தை எடுத்துப் பார்த்தால், அங்கே வர்ணமும் இல்லை, வாணவேடிக்கையும் இல்லை. கடன்பட்டு நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்கும், அடிமையாய்ப் போனவன் தன் குடும்பத்துக்கும் திரும்பி வருகிற ஆண்டு என்றே அது ஜூபிலியைக் காட்டுகிறது. அப்படியானால், திரும்பி வர முடியாத வழியில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு நிற்பவர்கள் நம் பங்கில் யாராவது உண்டா என்று கேட்பதும் ஜூபிலிக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதிதான்.

ஆகவே இன்று தற்கொலை எண்ணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பைச் சொன்னதும் சிலருடைய முகம் மாறுகிறது. "நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் ஏன் சாமி இந்தப் பேச்சு?" என்று ஒரு பெரியவர் முன்கூட்டியே என்னிடம் கேட்டுவிட்டார். பேசாமல் இருந்ததால் குறைந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். இலட்சம் பேருக்கு 12.4 என்பது நாட்டின் சராசரி. பக்கத்திலுள்ள தமிழ்நாட்டில் அது 25.9. நாம் சேர்ந்திருக்கிற புதுச்சேரிப் பிரதேசத்திலோ 29.7. நாட்டின் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! கல்வியறிவில் முன்னிற்கிறோம், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கண்டவர்கள் என்று பெருமை பேசுகிறோம். இந்தக் கணக்கிலும் நாம் முன்னிற்கிறோம் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

எனக்குக் கணக்கைவிட முகங்களைத்தான் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை இங்கே சொல்கிறேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அது என்னோடு கல்லறைக்குப் போகும். குருமனை வாசலில் நின்று பேசுகிறவர்களைப் பற்றியே சொல்லுகிறேன். குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல், வசூலுக்கு வருகிற நாளன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிற தாய். படகுக்கும் வலைக்கும் வாங்கிய பணம் வட்டியோடு வளர்ந்து நிற்கிற மீனவர். பரீட்சை முடிவு வந்த நாள்முதல் யார் கண்ணிலும் படாத பையன். பிள்ளைகள் பிரான்சில் நன்றாக இருக்கிறார்கள், மாதந்தோறும் பணம் வருகிறது. ஆனால் இரண்டு நாளாக ஒருவரோடும் பேசவில்லை என்று சொல்லுகிற பாட்டி. குடியைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. எல்லை தாண்டி வந்து வாங்கிக்கொண்டு போகும் அளவுக்கு நம் ஊரில் அது மலிவாய்க் கிடைக்கிறது. வாங்குகிறவன் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அடுத்த வீட்டுக்காரர் அறிவார். 2004 டிசம்பர் 26-ல் கடல் எழும்பி வந்ததை நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. அந்த ஒரு காலைப்பொழுதில் நம் காரைக்கால் கரையிலுள்ள குப்பங்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் டிசம்பர் பிறந்தால் தூக்கம் பிடிக்காதவர்கள் உண்டு.

இவர்கள் யாரும் "நான் தற்கொலை செய்யப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "எனக்கு அலுத்துப்போச்சு சாமி", "நான் இல்லாட்டி இவங்க நிம்மதியா இருப்பாங்க", "படுத்தா எழுந்திருக்காம போயிடணும்". நாம் என்ன சொல்லுகிறோம்? "அப்படியெல்லாம் பேசாதே, பாவம்." "ஜெபமாலை சொல், சரியாய்ப்போகும்." "உனக்கென்ன குறைச்சல்?" நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகிறோம். ஆனால் கேட்டவர் வாயை மூடிக்கொள்கிறார், எண்ணம் மட்டும் அவருக்குள்ளேயே இருந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டவர் தேறிவிட்டார் என்று நாமும் நிம்மதியடைகிறோம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருவது பாவமா? குருமடத்தில் அறநெறி இறையியல் படிப்பவனுக்கு முதல் வகுப்புகளிலேயே சொல்லித் தருவார்கள்: முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் சாவான பாவம் இல்லை. தானாக மனத்தில் வந்து மோதுகிற எண்ணம் காய்ச்சலைப் போன்றது. அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யத் தேவையில்லை. 1992-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட திருச்சபையின் மறைக்கல்வி நூலும் உயிர் நம்முடையதன்று, இறைவன் தந்தது என்று உறுதியாய்ச் சொல்லுகிறது. ஆனால் அதோடு நிறுத்திவிடவில்லை. கடுமையான மனநோய், தாங்க முடியாத அச்சம், வேதனை ஆகியவை அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழந்துவிடலாகாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் அதே பகுதியில், 2280 முதல் 2283 வரையுள்ள எண்களில், போதிக்கிறது.

நம் பெரியவர்கள் சிலர் இன்னமும் "கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது" என்று சொல்லுகிறார்கள். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில், தெளிந்த தீர்மானத்தோடு தம்மைக் கொன்றவர்களுக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது உண்மை. 1983-ல் வெளியான புதிய சட்டத்தொகுப்பில் அந்தத் தடையே இல்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு, பூசையும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் நரகத்தைப் பற்றிப் பேசுகிறவர் யாராயிருந்தாலும், அவர் திருச்சபையின் பெயரால் பேசவில்லை. ஆர்ஸ் ஊரின் பங்குக்குருவான புனித ஜான் மரிய வியான்னியிடம், கணவன் ஆற்றில் குதித்து இறந்துபோன ஒரு விதவை வந்த செய்தியை அவருடைய சரித்திரத்தில் சொல்லுவார்கள். பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவிலே மனஸ்தாபப்பட அவருக்கு நேரம் இருந்தது என்று சொல்லி அந்தப் பெண்ணைப் புனிதர் தேற்றி அனுப்பினாராம்.

நிற்க. இறந்தவர்களைப் பற்றிச் சொன்னது போதும், உயிரோடிருப்பவர்களுக்கு வருகிறேன். வேதாகமத்தில் தோபித்து ஆகமம் என்று ஒன்று உண்டு. நம் பிரிவினை சகோதரர்களின் வேதாகமத்தில் அது இல்லாததால், நாமாவது ஊன்றிப் படிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அதன் மூன்றாம் அதிகாரத்தில், ஒரே நாளில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சாக விரும்புகிறார்கள். நினிவே நகரில் கண் தெரியாமல்போன தோபித்து. தொலைவில் எக்பத்தானாவில் இரகுவேலின் மகள் சாரா. ஏழு மாப்பிள்ளைகள் மணவறையிலேயே இறந்துபோனார்கள். வீட்டு வேலைக்காரி அவளைப் பழித்துப் பேசுகிறாள். அவள் அழுதுகொண்டே மாடியறைக்கு ஏறிப்போகிறாள், தன் உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு. அவளைத் தடுத்து நிறுத்தியது என்ன? தகப்பன் நினைவு. ஒரே மகளை இழந்த துயரத்தோடு அவர் கல்லறைக்குப் போவாரே என்ற நினைப்பு. சன்னலோரம் நின்று தன் மனத்திலிருப்பதை ஒளிக்காமல் ஆண்டவரிடம் கொட்டுகிறாள். செத்தால் தேவலை என்பதையும் சேர்த்தே சொல்லுகிறாள்.

ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தோபித்தையும் கடிந்துகொள்ளவில்லை. இரபேல் சம்மனசை அனுப்புகிறார். அந்தப் பெயருக்கே கடவுள் குணமாக்குகிறார் என்று பொருள். அவர் இறக்கையோடும் ஒளியோடும் வந்து நிற்கவில்லை. தூரத்து உறவுக்காரர் வேடத்தில், தோபித்தின் மகனுக்கு வழித்துணையாக, பல நாள் பிரயாணம் நடந்து வருகிறார். வழியில் என்ன செய்கிறார்? திக்ரிஸ் ஆற்றில் மீனைப் பிடிக்கச் சொல்லி, அதன் பித்தத்தையும் ஈரலையும் இருதயத்தையும் எடுத்து மருந்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுகிறார். மீன் அறுக்கத் தெரிந்த ஊரில் இதைச் சொல்லுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்! சம்மனசுக்கு ஒரே வார்த்தையில் குணமாக்கத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சாக விரும்பிய இரண்டு பேருக்குக் கடவுள் தந்த பதில் ஒரு வழித்துணையும் ஒரு மருந்தும். ஜெபம் கேட்கப்பட்டது, பதில் அந்த உருவத்தில் வந்தது. நான் இன்று சொல்ல வந்ததும் இந்த இரண்டையும் பற்றித்தான்.

முதலில் மருந்து. சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ள நாம் வெட்கப்படுவதில்லை. மனச்சோர்வும் அப்படி ஒரு நோய்தான். தூக்கம் போகிறது, பசி போகிறது, பிடித்த காரியம் பிடிக்காமல் போகிறது. நாளடைவில் அந்த நோயே உள்ளிருந்து, "நீ பிரயோஜனமற்றவன்" என்று பேச ஆரம்பிக்கிறது. பேசுவது நோய் என்று தெரியாமல், அதைத் தன் சொந்த யோசனை என்று அவர் நம்புகிறார். அதற்கு மாத்திரைகள் உண்டு. அவை அன்றைக்கே வேலை செய்யமாட்டா. இரண்டு மூன்று வாரம் பொறுக்கவேண்டும். முதல் வாரத்திலேயே "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். தேறியதும் "இனி எதற்கு" என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் தவறு, மருத்துவர் சொல்லும்போதுதான் நிறுத்தவேண்டும். மாத்திரையோடு பேசிக் குணப்படுத்தும் வைத்தியமும் உண்டு. குருமடங்களில் அதற்கு ஆற்றுப்படுத்துதல் என்று பெயர். சுனாமிக்குப் பிறகு நம் குப்பத்து ஜனங்களுக்குக் கவுன்சலிங் என்றால் புரியும். கவுன்சலிங் என்றால் புத்திமதி என்று சிலர் எண்ணுகிறார்கள். புத்திமதி சொல்ல நம் ஊரில் ஆளா இல்லை? நெருக்கடி நேரத்தில் மனம் ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மற்ற வாசல்களும் இருக்கின்றன என்று அவரே கண்டுபிடிக்கும்வரை கூட உட்கார்ந்திருப்பது கவுன்சலிங்.

எங்கே போவது? காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. பஸ் ஏறத் தயக்கமாயிருந்தால், மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை அழைக்கலாம், எண் 14416. இரவும் பகலும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயத்தில், விஷம் குடித்தவரை நாட்டு வைத்தியரிடம் கொண்டுபோய் நேரத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்படவேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று சொல்லுகிறது. முயற்சியையே குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆகவே 108-ஐ அழைக்கத் தயங்கவேண்டாம்.

"வெளியில் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான், நான் சிரிக்கவில்லை. ஆனால் வரன் வருவதற்குப் பெண் உயிரோடு இருக்கவேண்டும் அல்லவா? வேளாங்கண்ணிக்கு நடந்துபோக நேர்ந்துகொண்டிருக்கிறோம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தாராளமாய்ப் போங்கள், மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரை மதிக்கவேண்டும், அவரைப் படைத்தவர் ஆண்டவர் என்று சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம்.

மருந்தைப் பற்றிப் பேசும்போது விஷத்தைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. நம் எல்லாருக்கும் பிரியமான குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் 1897-ல் காசநோயின் கடைசிக் கட்டத்தில் துடித்துக்கொண்டிருந்தபோது, கடும் வேதனைப்படுகிற நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் விஷமருந்தை வைக்கவேண்டாம், அந்த நேரத்தில் அறிவு தடுமாற ஒரு கணம் போதும் என்று தம் மடத்துத் தாயாரிடம் சொன்னார். புனிதையே அப்படிச் சொன்னார் என்றால், விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் இந்த எண்ணம் வரும் என்று பேசுகிறவர்கள் யோசிக்கட்டும்.

தெரேசம்மாள் சொன்னதையே நம் உயர்மறைமாவட்ட எல்லைக்குள் இருக்கிற காட்டுமன்னார்கோயில் பகுதியில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே சில கிராமங்களில் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் பூச்சிமருந்து வைக்கப் பொதுவான ஓர் இடம் அமைத்தார்கள். வங்கி லாக்கர் மாதிரி ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி. விவசாயி கையில் ஒரு சாவி, பொறுப்பாளர் கையில் ஒரு சாவி. யாரையும் திருத்தவில்லை, உபதேசம் செய்யவில்லை. மருந்து டப்பா வீட்டுக் கூரையிலிருந்து வெளியே போயிற்று, அவ்வளவுதான். 2013-ல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகள் குறைந்தன. காரணம் எளிது. அந்த வேகம் பலருக்குச் சில நிமிஷம், சில மணி நேரம்தான், தாண்டிவிட்டால் தணிந்துவிடுகிறது. சம்பா சாகுபடி செய்கிறவர்களே, மீதமான பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய், வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள்.

இனி வழித்துணை. இங்கிலாந்தில் சாட் வரா என்று ஓர் ஆங்கிலிக்கன் குரு இருந்தார். 1935-ல், லிங்கன் நகரில் இளம் குருவாக அவர் நடத்திய முதல் அடக்கச் சடங்கு பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியுடையது. அவள் பெரியவளானாள், அது என்னவென்று சொல்லித்தர ஒருவரும் இல்லாமல், ஏதோ கெட்ட நோய் வந்துவிட்டது என்று எண்ணி உயிரை விட்டுவிட்டாள். அதை அவரால் மறக்க முடியவில்லை. 1953 நவம்பர் 2-ஆம் தேதி, நம் நாட்காட்டியில் இறந்த ஆன்மாக்களின் நாள், இலண்டனில் தம் கோயிலில் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. தம்மைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்களை வைத்தார். அப்புறம் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார். பலர் அந்தத் தொண்டர்களோடு பேசிவிட்டு, குருவைப் பார்க்காமலேயே ஆறுதலடைந்து திரும்பிப்போனார்கள். குருவானவர் தாழ்மையோடு அதை ஏற்றுக்கொண்டு, கேட்கும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார். சமாரித்தர் என்ற பெயரில் அது வளர்ந்தது. அதே முறையில் நடப்பதுதான் சிநேகா. பங்குக்குருவாகிய எனக்கு இதில் ஒரு பாடம் இருப்பது உங்களுக்கும் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

ஒருவரிடம் நேராக, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா? ஆகாது. இந்தத் துறையில் உழைப்பவர்கள் எல்லாரும் ஒருமுகமாய்ச் சொல்லுவது இது. கேட்டால், "அப்பாடா, ஒருத்தராவது கேட்டாரே" என்ற மூச்சுத்தான் வருகிறது. புனித சின்னப்பரைப் பாருங்கள். பிலிப்பி நகரச் சிறையில் நள்ளிரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தபோது, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணிய காவலன் வாளை உருவித் தன்னை மாய்த்துக்கொள்ளப் போனான். சின்னப்பர் நாசூக்குப் பார்க்கவில்லை. உனக்கு நீயே தீங்கு செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேயே இருக்கிறோம் என்று உரத்த குரலில் கூவினார். ஞானஸ்நானம், போதனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 2008-ல் வெளியிட்டது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு, அதோடு ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லி, பின்பு 18 மாதத்தில் ஒன்பது முறை, பயிற்சி பெற்ற ஒருவர் நேரிலோ டெலிபோனிலோ "எப்படி இருக்கிறீர்கள்?" என்று விசாரித்தார். முதல் சாராரில் ஆயிரத்துக்கு 22 பேர் என்ற விகிதத்தில் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 2 பேர். ஒன்பது முறை விசாரித்ததற்கு இவ்வளவு பலன்! நம் மரியாயின் சேனையார் வாரந்தோறும் வீடு சந்திக்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி கொண்டுபோகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வீட்டுக்கு மட்டும் நாம் போவதில்லை. அவமானமாய் நினைப்பார்களோ என்று ஒதுங்கிவிடுகிறோம். உண்மையில் ஆபத்து அதிகமுள்ள நாட்கள் அவைதாம்.

இந்தக் கூட்டத்திலேயே, நான் பேசுவது தனக்குத்தான் என்று நினைத்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இருக்கலாம். ஐயா, அம்மா, தம்பி, தங்கச்சி, யாராயிருந்தாலும் சரி. இன்று இரவு எந்த முடிவும் எடுக்கவேண்டாம். கடனுக்கும் பரீட்சைக்கும் நாளைக்கு வழி பார்க்கலாம். நீங்கள் இல்லாவிட்டால் வீட்டார் நிம்மதியாயிருப்பார்கள் என்று உங்களுக்குள் பேசுவது நோய். அது பொய் சொல்லுகிறது. அப்படிப் பறிகொடுத்த வீடுகளுக்கு நான் போய்வருகிறேன், அங்கே நிம்மதியை நான் பார்த்ததில்லை. ஒரே ஓர் ஆளிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். முதல் ஆள் புரிந்துகொள்ளாவிட்டால் இரண்டாம் ஆளிடம் சொல்லுங்கள்.

செய்யப்போவது இவ்வளவுதான். ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் இரண்டு பேர், ஓர் ஆண், ஒரு பெண், பெயர் கொடுக்கவேண்டும். பேச்சு வன்மை வேண்டாம். கேட்கும் பொறுமையும், கேட்டதைத் தெருவில் சொல்லாத நாவும் வேண்டும். மனநலத் துறையில் பயிற்சி பெற்றவர்களை அழைத்து இவர்களுக்குச் சொல்லித்தரச் செய்வோம். இவர்கள் மருத்துவர்கள் அல்ல. மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், திரும்பி வந்த பின் ஒன்பது முறையாவது கதவைத் தட்டுகிறவர்கள். பஸ் கட்டணத்துக்கு வழியில்லாதவர்களுக்கு ஜூபிலிக் காணிக்கையிலிருந்து எடுத்துக்கொடுக்கப் பங்குப் பேரவை சம்மதித்திருக்கிறது. வாணவேடிக்கைச் செலவில் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் உபதேசியாரிடம் கொடுக்கலாம். குருமனை மணியை இரவு எந்த நேரத்திலும் அடிக்கலாம். முன்வாசலில் நின்றால் தெரிந்தவர் பார்ப்பார்கள் என்று கூச்சப்படுகிறவர்கள் பின்பக்கம் சமையற்கட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்த விளக்கை இனி அணைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.